ரெண்டு பேர் எடை

குச்சி: ...ஷூவக் கழட்டிட்டு ஏறு மச்சான். அதுவே ஒரு கிலோ இருக்கும்.

மச்சான்: நீ ஏறு மொதல்ல.

குச்சி: நான் ஏறி என்ன ஆகப் போகுது? என்னை ஏத்துனா முள்ளு கூட அசையாது.

மேடம்: இதுல முள்ளு இல்லண்ணே, நம்பர்தான் வரும். பார்சல் மூட்டையெல்லாம் வெச்சு எடை போடற மெஷின். தாங்கும். தைரியமா ஏறுங்க.

மச்சான்: மூட்டைக்கான மெஷினா... அப்ப சரியான எடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க.

மேடம்: நான் அந்த அர்த்தத்துல சொல்லலண்ணே.

மச்சான்: தெரியும் மேடம், சும்மா சொன்னேன். ஆனா எதுக்கு இப்ப திடீர்னு எடை? இத்தனை வருஷமா இந்தக் கட்டடத்துக் கண்ணாடி பூரா நாங்க ரெண்டு பேருந்தான் தொடைக்கிறோம். ஒரு தடவையாவது கூண்டு அறுந்து விழுந்திருக்கா?

குச்சி: விழுந்திருந்தா பதில் சொல்ல யாரு இருந்திருப்பா...

மச்சான்: நீ வாய மூடு.

மேடம்: நீங்க தொங்குற கூண்டு பழசாயிடுச்சுண்ணே. மூணு மாசத்துல கழட்டி எடுத்துடுவாங்க. புதுசு முன்பக்கம் மாட்டியாச்சு. அது சின்னது. ரெண்டு ஆளும் சேர்ந்து நூத்தி எம்பது கிலோவுக்கு மேல போகக் கூடாது. போனா மோட்டாரே ஓடாது, அப்படியே நின்னுடும். அதான் பாக்கணும். பாதுகாப்புக்குப் பொறுப்பு நான். ஒவ்வொருத்தரா ஏறுங்க.

மச்சான்: வேணாம் மேடம்.

மேடம்: ஏண்ணே?

மச்சான்: வேணாம்... அவ்வளவுதான்.

குச்சி: மேடம், ஒரு சந்தேகம். கூண்டு எங்கள ஆள் ஆளாவா தூக்கப் போகுது? ரெண்டு பேரையும் சேர்த்துத்தான?

மேடம்: ஆமா.

குச்சி: அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே ஏறிக்கறோம். மொத்தம் என்னன்னு பாத்துக்குங்க. அதுல யாரு பங்கு எவ்வளவுங்கறது உங்களுக்கு எதுக்கு?

மேடம்: ...சரி. எனக்கு மொத்தம் போதும்.

குச்சி: வா மச்சான். கையப் புடிச்சுக்கோ. கல்யாண மேடை ஏறுற மாதிரி நினைச்சுக்கோ.

மச்சான்: என் தங்கச்சிய உனக்குக் கட்டி வெச்சேன் பாரு... அன்னைக்கு எனக்குப் புத்தி எங்க போச்சுன்னு தெரியல.

குச்சி: அத அப்பறம் பேசுவோம். கொஞ்சம் தள்ளு. நான் நிக்க எடம் வேணும்ல.

மேடம்: ஆடாம நில்லுங்க ரெண்டு பேரும்... நூத்தித் தொண்ணூத்தி ஏழு.

மச்சான்: ம்.

மேடம்: பதினேழு கிலோ ஜாஸ்தி.

குச்சி: பெல்ட்டு, கொக்கி, துணி, இதெல்லாம் போக...

மேடம்: அதையெல்லாம் மேல போறப்ப கழட்டி வெச்சுட்டா போவீங்க?

மச்சான்: விடு மாப்ள. மேடம், என்னை என்ன பண்ணப் போறீங்க? நேராச் சொல்லுங்க.

மேடம்: கீழ வேலை இருக்குண்ணே. வாசல் கண்ணாடி, பார்க்கிங், தண்ணிக் குழாய் பாத்துக்கறது. சம்பளத்துல கை வெக்க மாட்டோம். இவருக்கு வேற ஆள ஜோடி போட்டுக்கலாம்.

குச்சி: வேற ஆளா?

மேடம்: எடை கம்மியா ஒருத்தர் இருக்காரு. அனுபவம் உள்ளவர்தான்.

குச்சி: ...மேடம், பழைய கூண்டு இன்னும் மூணு மாசம் இருக்கும்னீங்கள்ல? அதுவரைக்கும் பின்பக்கம் நாங்க அதுல வேலை பாத்துக்கறோம். அதுக்குள்ள நூத்தி எம்பதுக்கு எறங்கிட்டா?

மச்சான்: யாரு எறங்கறது?

குச்சி: நாமதான்.

மச்சான்: நாம இல்ல. நான். நீ எறங்கணும்னா எலும்ப வித்தாத்தான் உண்டு.

மேடம்: எறங்கிட்டா எனக்கென்னண்ணே, சந்தோஷமா மேல அனுப்பறேன். மாசம் ஒரு தடவை இங்க வந்து ஏறுங்க. ஆனா ஒண்ணு. அவசரப்பட்டுப் பட்டினி கிடக்காதீங்க. டாக்டரப் பாத்துட்டு ஆரம்பிங்க. தலை சுத்தறவங்கள நான் கூண்டுல ஏத்த மாட்டேன்.

குச்சி: பட்டினியா? இவரா? நீங்க வேற மேடம்.

*

மச்சான்: எத்தனாவது மாடி?

குச்சி: ஏழு.

மச்சான்: பொய் சொல்லாத. பத்து தாண்டியிருக்கும்.

குச்சி: செவுத்துல எழுதியிருக்கு பாரு. ஏழு.

மச்சான்: லிஃப்ட்ட எவனுக்குடா கட்டி வெச்சிருக்காங்க...

குச்சி: கொறைக்க எதுவும் இல்லாதவங்களுக்கு.

மச்சான்: அப்ப நீ அதுல போகலாம்ல? நீ எதுக்கு என் கூட ஏறுற?

குச்சி: தனியாப் போனா போரடிக்கும். வா. மூச்சு வாங்கிக்கிட்டு வா.

மச்சான்: ...உக்காந்துக்கறேன் கொஞ்சம்.

குச்சி: படியில உக்காராத, எந்திரிக்கறது கஷ்டம். செவுத்துல சாஞ்சுக்கோ.

மச்சான்: ரெண்டு வாரம் ஆச்சு மாப்ள. டீயில சர்க்கரை இல்ல. அது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியான்னு தெரியல. ராத்திரி சோத்துல பாதிய எடுத்து வெச்சாச்சு. பஸ்ஸ விட்டு முன்னாடியே எறங்கி நடக்கறேன். என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல.

குச்சி: ஆயிருக்கு. கன்னம் வத்திடுச்சு.

மச்சான்: எந்தக் கன்னம்?

குச்சி: ...இடது.

மச்சான்: போடா.

குச்சி: நிஜமாத்தான். உனக்குத் தெரியாது. கூடவே இருக்கறவனுக்குத்தான் தெரியும்.

மச்சான்: எனக்குத் தெரியாதா? நாள் பூரா நான் யாரப் பாத்துட்டு நிக்கிறேன்? கண்ணாடி தொடைக்கறவன் தன்னைப் பாக்காம ஒரு நாள ஓட்ட முடியுமா? சோப்பு போட்டா மறஞ்சு போறேன். வைப்பர இழுத்தா அதே தொந்தியோட திரும்ப வந்து நிக்கிறேன்.

குச்சி: அப்ப சோப்போட விட்டுட்டு வந்துடுவோம்.

மச்சான்: சிரிக்கற மாதிரி இல்ல எனக்கு.

குச்சி: ...சரி. சிரிக்கல.

மச்சான்: எப்பவும் இப்படித்தான் ஆகும் எனக்கு. மொத வாரம் ஜோரா ஆரம்பிப்பேன். புது ஷூ கூட வாங்குவேன். ரெண்டாவது வாரம் கண்ணாடியப் பாப்பேன். மூணாவது வாரம் ஷூ கட்டிலுக்கு அடியில போயிடும். பதினேழு கிலோ மாப்ள. மலை மாதிரி இருக்கு.

குச்சி: பதினேழ ஏன் மொத்தமா நினைக்கற? இந்தக் கட்டடத்துல எத்தனை கண்ணாடி இருக்கு? அத்தனையும் நினைச்சா ஒருத்தனாவது வாளியத் தூக்குவானா? மூஞ்சிக்கு முன்னாடி இருக்கறது ஒண்ணு. அதத் தொடை. அப்பறம் கூண்ட எறக்கு.

மச்சான்: இத எந்த வாட்ஸப்புல படிச்ச?

குச்சி: சொந்தமா யோசிச்சேன்.

மச்சான்: அதான் இவ்வளவு மோசமா இருக்கு.

குச்சி: வேலைக்கு ஆகுதான்னு பாரு. இந்த ஒரு மாடி மட்டும் ஏறு. எட்டாவது. அப்பறம் திரும்பிப் போகணும்னா போயிடலாம்.

மச்சான்: ...கீழ வேலை பாக்க எனக்கு மனசில்ல மாப்ள. அதான் ஏறிக்கிட்டு இருக்கேன்.

குச்சி: தெரியும்.

மச்சான்: உனக்குத் தெரியாது. கீழ நான் எங்க போனாலும் எடத்த அடைக்கற ஆளு. பஸ்ஸுல பக்கத்து சீட்டு காலியா இருந்தாலும் யாரும் உக்கார மாட்டாங்க. விசேஷத்துக்குப் போனா பிளாஸ்டிக் நாற்காலிய மொதல்ல அழுத்திப் பாக்கணும். ஆஸ்பத்திரியில ஒரு தடவ அந்த நர்ஸம்மா என் எடைய அந்தக் கோடி வரைக்கும் கேக்கற மாதிரி கத்திச் சொல்லுச்சு. வரிசையில நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. அதோட நான் எந்த மெஷின்லயும் ஏறல.

குச்சி: அதான் அன்னைக்குச் சேர்ந்து ஏறினோமே.

மச்சான்: மேல இருந்தா எவனும் தள்ளி நில்லுன்னு சொல்ல மாட்டான். உள்ள இருக்கறவங்களுக்கு என் கையி மட்டுந்தான் தெரியும். அதையும் பாக்க மாட்டாங்க... சரி நட. எட்டுதான? ஏறித் தொலைக்கறேன்.

குச்சி: மெதுவா... ம்... அவ்வளவுதான்.

மச்சான்: இது எட்டா?

குச்சி: எட்டு. இன்னும் ஒண்ணே ஒண்ணு ஏறிடுவோமா?

*

மேடம்: ஒரு மாசம் ஆயிடுச்சா அதுக்குள்ள? ஏறுங்க. ஆடாதீங்கண்ணே.

மச்சான்: நான் ஆடல மேடம். இவன்தான்.

மேடம்: நூத்தித் தொண்ணூத்தி மூணு.

மச்சான்: எவ்வளவு?

மேடம்: நாலு கொறஞ்சிருக்கு. நல்லாப் போகுதுண்ணே.

மச்சான்: நாலா... மெஷின் சரியா இருக்கா மேடம்?

மேடம்: போன வாரந்தான் சரி பாத்துட்டுப் போனாங்க.

குச்சி: நான் சொன்னேன்ல? வெளியில தெரியாது, உள்ள வேலை நடக்குதுன்னு. நம்பவே மாட்டேன்ன.

மச்சான்: இல்ல... நாலு கிலோன்னா...

குச்சி: நாலு கிலோன்னா நாலு கிலோதான். மாடி ஏறின, சர்க்கரைய விட்ட, நடந்த. பின்ன கொறையாம?

மச்சான்: ம்... ஆமா. நடந்தேன்.

மேடம்: சந்தோஷத்தக் கொஞ்சம் மொகத்துலயும் காட்டுங்கண்ணே. ஏங்க, உங்க சட்டை என்ன இப்படித் தோள்ல தொங்குது?

குச்சி: எனக்கா மேடம்? தொவச்சுத் தொவச்சு லூசாயிடுச்சு. உங்க கம்பெனி குடுத்த துணிதான.

*

குச்சி: மெதுவாப் போ மச்சான். ஓட்டப் பந்தயமா இது?

மச்சான்: நீ ஏன் பின்னாடி வர்ற? முன்னாடியெல்லாம் ஆடு மாதிரி தாவுவியே.

குச்சி: ஷூ லேஸ் அவுந்துடுச்சு.

மச்சான்: உன் ஷூவுல லேஸே கிடையாது.

குச்சி: ...அதான் அவுந்துடுச்சுங்கறேன்.

மச்சான்: வா, மாடி வந்தாச்சு. கூண்டுல ஏறி உக்காரு. நான் மோட்டாரப் பாத்துக்கறேன். உன் கொக்கி மாட்டியாச்சா?

குச்சி: மாட்டியாச்சு.

மச்சான்: எறக்கறேன்... நில்லு. இந்த வரிசையில இருந்து ஆரம்பிப்போம்.

குச்சி: நீ ரொம்ப மாறிட்ட மச்சான். பேச்சே காணோம். ரெண்டாவது மாசம் வெயிட்டு பாத்தப்ப கூட ஒரு வார்த்த பேசல. ஆறு கிலோ கொறஞ்சிருக்குன்னு மேடம் சொல்றாங்க, நீ ஷூவ மாட்டிக்கிட்டு கெளம்பிட்ட.

மச்சான்: பேசிக்கிட்டே நடந்தா மூச்சு வாங்குது.

குச்சி: முன்னாடி பேசிக்கிட்டே சாப்பிடுவ. அப்ப வாங்கல.

மச்சான்: சோப்பத் தா.

குச்சி: இந்தா.

மச்சான்: போன வாரம் நான் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தப்ப, புதுக் கூண்டுல அந்த இன்னொரு ஆளோட போனியே. சொல்லவே இல்ல. எப்படி இருந்துச்சு?

குச்சி: நல்லாத்தான் இருந்துச்சு. சீக்கிரம் முடிஞ்சுது.

மச்சான்: ஆளு எப்படி?

குச்சி: நல்ல ஆளு. வாயத் தொறக்க மாட்டான்.

மச்சான்: அப்ப உனக்கு நிம்மதிதான?

குச்சி: ...ம்.

மச்சான்: என்ன ம்? வைப்பர் கையில இருந்து நழுவுது பாரு. புடி. டேய்... மாப்ள?

குச்சி: ஒண்ணுமில்ல... வெயிலு.

மச்சான்: வெயிலு அந்தப் பக்கம். இங்க நெழல். உக்காரு. அப்படியே கீழ உக்காரு. கம்பிய விடாத. என்னைப் பாரு.

குச்சி: கொஞ்சம் கண்ணக் கட்டுச்சு. அவ்வளவுதான். மேல தூக்கிடாத. தூக்கினா ஏன் வந்தீங்கன்னு கேப்பாங்க.

மச்சான்: தலையக் குனி. தண்ணி குடி... இன்னும் கொஞ்சம்.

குச்சி: உள்ள இருந்து ஒருத்தர் நம்மளையே பாக்குறாரு. கையக் காட்டறாரு.

மச்சான்: நானும் காட்டறேன் இரு. இல்லன்னா மேடத்துக்குப் ஃபோன் போட்டுடுவாரு... சிரி நீயும்.

குச்சி: சிரிச்சுட்டேன். போயிட்டாரா?

மச்சான்: மீட்டிங் போல. அவருக்கு நம்மள விட்டா பாக்க வேற எதுவும் இல்ல, பாவம். இந்தா. இதத் தின்னு.

குச்சி: என்ன இது?

மச்சான்: ரொட்டி, முட்டை. ரெண்டு வாழைப்பழம்.

குச்சி: உன்னுதா? நீ தின்னு.

மச்சான்: நான் தின்னாச்சு. இது மிச்சம்.

குச்சி: காலையிலயே ரெண்டு தட்டு சாப்பிட்டுத்தான் வந்தேன். உன் தங்கச்சி இப்பல்லாம் விடவே மாட்டேங்கறா. முழுங்கறதுக்குள்ள அடுத்தத வெக்கறா.

மச்சான்: மூணாவது தட்டுன்னு நினைச்சுத் தின்னு.

குச்சி: பசிக்கல மச்சான்...

மச்சான்: நீ திங்கற வரைக்கும் கூண்டு மேலயும் போகாது, கீழயும் போகாது. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நான் பாட்டுக்கு இந்த ஒரு கண்ணாடியவே சாயங்காலம் வரைக்கும் தொடைச்சிக்கிட்டு இருப்பேன்.

குச்சி: ...பழம் மட்டும் குடு.

மச்சான்: முட்டையும்.

*

மேடம்: கடைசித் தடவை. ஏறுங்க.

மச்சான்: ம்.

மேடம்: நூத்தி எழுபத்தொம்பது... புள்ளி ஆறு.

குச்சி: நூத்தி எம்பதுக்குள்ள வந்துட்டமா?

மேடம்: வந்துட்டீங்க. நான் எதிர்பார்க்கலண்ணே, உண்மையச் சொல்றேன். மொத வாரத்துலயே விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்.

மச்சான்: நானும் அப்படித்தான் நினைச்சேன் மேடம்.

மேடம்: ஆனா மறுபடி ஏறாம பாத்துக்கணும். மாசா மாசம் பாப்பேன். இன்னும் நீங்க நிறைய கொறைக்க வேண்டியிருக்கும், டாக்டர் சொல்லியிருப்பாரே.

மச்சான்: சொன்னாரு. இது ஆரம்பந்தானாம்.

மேடம்: ஒண்ணு கேக்கட்டுமா? இனிமே கூச்சம் எதுக்கு? ஒவ்வொருத்தரா ஒரு தடவை ஏறிக் காட்டுங்களேன். யாரு எவ்வளவு கொறஞ்சீங்கன்னு எனக்கே பாக்க ஆசையா இருக்கு.

மச்சான்: வேணாம் மேடம்.

குச்சி: வேணாம் மேடம்.

மேடம்: ...ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்றீங்க. சரி, போங்க. நாளைக்கு முன்பக்கம். புதுக் கூண்டு.

*

குச்சி: முழங்கைய மடக்கு மச்சான். விலாவுல இடிக்குது.

மச்சான்: எங்க போய் மடக்கறது? இது கூண்டா, தீப்பெட்டியா?

குச்சி: பதினேழு கிலோவ எறக்கினது இதுக்குள்ள நிக்கத்தான்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா, நீ பார்க்கிங்குக்கே போயிருப்ப.

மச்சான்: எறக்கறேன். புடிச்சுக்கோ... மோட்டார் சத்தமே இல்ல பாரு. நல்ல கூண்டுதான்.

குச்சி: ம்.

மச்சான்: இந்த மாடியில ஆரம்பிக்கலாம். மாப்ள...

குச்சி: சொல்லு.

மச்சான்: இன்னைல இருந்து ராத்திரி சாப்பிடு.

குச்சி: நான் சாப்பிட்டுட்டுத்தான இருக்கேன்?

மச்சான்: எங்க?

குச்சி: வீட்ல.

மச்சான்: வீட்ல கேட்டா வேலை செய்யற எடத்துலயே முடிச்சுட்டேங்கற. இங்க கேட்டா வீட்டுலங்கற. அந்த வீட்ல சமைக்கறது என் தங்கச்சி மாப்ள. மறந்துட்டியா?

குச்சி: ...சொல்லிட்டாளா?

மச்சான்: நான் கேட்டேன். சொன்னா.

குச்சி: எப்ப?

மச்சான்: மொத மாசம் எடை பாத்தோமே. மறுநாள்.

குச்சி: அப்பவேவா? உனக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு?

மச்சான்: மருந்துக்கடை வாசல்ல ஒரு மெஷின் இருக்குல்ல, காசு போட்டா நம்பர் வருமே. அதுல ஏறினேன்.

குச்சி: நீயா? தனியாவா?

மச்சான்: மொத தடவை ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்தித் தொண்ணூத்தி ஏழுன்னு சொன்னாங்கள்ல, அன்னைக்குச் சாயங்காலமே போனேன். அதுல என் பங்கு என்னன்னு பாத்துடணும்னு ஒரு வெறி. பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல. மாசம் கழிச்சு நாலு கொறஞ்சிருக்குன்னாங்க. மறுபடி போய் ஏறினேன். அதே நம்பர். துளி கூட அசையல.

குச்சி: ஏன் அசையல? மாடி ஏறின. டீயில சர்க்கரைய விட்ட. பஸ்ஸ விட்டு எறங்கி நடந்த...

மச்சான்: எறங்கற எடத்துல ஒரு பேக்கரி இருக்கு.

குச்சி: பேக்கரியா?

மச்சான்: தினமும் போகல... சரி, தினமுந்தான்.

குச்சி: நான் அங்க தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக் கிடந்தேன்.

மச்சான்: தெரியும்.

குச்சி: நீ பன்னு தின்னுட்டு இருந்திருக்க.

மச்சான்: அந்த ஒரு மாசந்தான். நம்பர் அசையலன்னு தெரிஞ்சுது. அப்ப அசைஞ்சது யாருன்னு யோசிச்சேன். கூட ஏறினது நீ ஒருத்தன்தான். தங்கச்சிக்குப் ஃபோன் போட்டேன். அதோட பேக்கரி போச்சு.

குச்சி: தெரிஞ்சப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நான் சாப்பிட்டிருப்பேன்.

மச்சான்: நீ சாப்பிட்டிருப்ப. நான் நடக்கறத நிறுத்தியிருப்பேன். டாக்டர் சொன்னாரு, கேக்கல. மேடம் சொன்னாங்க, கேக்கல. நீ படிக்குப் படி கத சொல்லி ஏத்துன. ஏறிட்டு நேரா பன்னு திங்கத்தான் போனேன். எம்மேல எனக்கு அக்கறையே வரல மாப்ள. எத்தனையோ தடவ வரவெச்சுப் பாத்தாச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல நிக்காது. ஆனா அந்தக் கடையத் தாண்டறப்ப, இந்நேரம் நீ தட்டத் தள்ளி வெச்சுட்டு உக்காந்திருப்பன்னு நெனப்பு வரும். கால் உள்ள போகாது. அது ஒண்ணுதான் எனக்கு வேலை செஞ்சுது. அத நானே எதுக்குக் கெடுத்துக்கணும்? அதான் சொல்லல.

குச்சி: தெரிஞ்சே என்னைப் பட்டினி போட்டிருக்க.

மச்சான்: போட்டேன். காலையில ரெண்டு தட்டு வெக்கச் சொன்னதும் நான்தான். அன்னைக்கு நீ மயங்கினப்ப சொல்லிடலாம்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். இந்த மூணு மாசத்துல நான் முழுங்கினதுலயே கஷ்டமானது அதுதான்.

குச்சி: அன்னைல இருந்து தினமும் ரொட்டியும் முட்டையும் மிச்சம் மிச்சம்னு நீட்டினியே...

மச்சான்: மிச்சம் வெக்கற ஆளா நான்?

குச்சி: அதானே. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

மச்சான்: வைப்பரக் குடு. இந்த ஓரம் விட்டுப் போச்சு... இனிமே நீ ஒழுங்காச் சாப்பிடு. நீ ஒரு கிலோ ஏறினா நான் ஒரு கிலோ எறங்கறேன். மேடத்துக்கு மொத்தந்தான கணக்கு?

குச்சி: எத்தனை நாளைக்கு?

மச்சான்: நீ பழைய குச்சியா ஆகற வரைக்கும். அதுக்கப்பறமும் எனக்கு எறங்க நிறைய இருக்கு.

குச்சி: நீ மறுபடி பாதியில நின்னுட்டன்னு வையி?

மச்சான்: நின்னா தங்கச்சிகிட்டச் சொல்லு. உனக்குச் சோறு போடறத நிறுத்தச் சொல்லு. நான் கெளம்பிடுவேன்.

குச்சி: நல்ல குடும்பத்துல வந்து மாட்டினேன்.

மச்சான்: ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல மாப்ள. நான் கீழ போயிருந்தா உனக்கென்ன நட்டம்? சம்பளம் அதே. வேற ஆளு தயாரா இருந்தான். எனக்காக எதுக்கு இவ்வளவு தூரம்...

குச்சி: உனக்காகன்னு யாரு சொன்னா?

மச்சான்: பின்ன?

குச்சி: ...காத்து வருது. கம்பியப் புடி.

மச்சான்: பேச்ச மாத்தாத.

குச்சி: மாத்தல. அதத்தான் சொல்ல வர்றேன். இவ்வளவு காத்துக்கும் கூண்டு ஆடுதா பாரு. ஆடல. நீ நிக்கிற. அன்னைக்கு அந்த ஆளோட வந்தப்ப ஆடுச்சு மச்சான்... மேல இருந்து தரைக்கு வர்ற வரைக்கும் நான் கண்ணையே தொறக்கல. அத்தனை கண்ணாடியும் அந்த ஆளுதான் தொடைச்சான், பாவம். யாருகிட்டயும் சொல்லாதன்னு கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டேன்... எனக்கு உயரம்னா பயம் மச்சான். வேலைக்குச் சேர்ந்த மொத நாள்ல இருந்தே.